ஃபாக் லைட் ஃபியூஸ் நிற்கவில்லையா? பைக் வயரிங்கில் ஷார்ட்டைத் தேடும் முறை

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையிலோ தேவகோட்டைப் பக்கத்துக் கிளைச்சாலைகளிலோ இரவில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஃபாக் லைட் எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊர் எல்லை தாண்டினால் பல இடங்களில் தெருவிளக்கு இல்லை, வேகத்தடையில் அடித்த வெள்ளைப் பட்டை எப்போதோ அழிந்திருக்கும், ஆடு மாடு எந்தப் பக்கமிருந்து ஏறும் என்று தெரியாது, தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற காவடிக் கூட்டம் வேறு. ஆகவே ஒரு ஜோடி எல்.இ.டி. விளக்கு, ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), ஒரு வயரிங் செட், லெக் கார்டில் இரண்டு கிளாம்ப். மாட்டுகிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சில மாதம் கழித்து ஒரு நாள் ஃபியூஸ் போகும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

ஃபியூஸ் போனால் புதுசு ஒன்று போடுவோம். அதுவும் போனால் கொஞ்சம் பெரிய ஃபியூஸ். அதுவும் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இது வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. 20 வாட் விளக்கு இரண்டு என்றால் மொத்தம் 40 வாட், 12 வோல்ட்டில் அது 3.3 ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், அந்த இளம்பழுப்பு நிறத்தில் வருவது, தாராளமாகப் போதும். ஆனால் மலிவான வயரிங் செட் பலவற்றில் 20 ஆம்பியர் மஞ்சளோ 30 ஆம்பியர் பச்சையோதான் போட்டு வருகிறது. வயர் மட்டும் நூல் மாதிரி ஒல்லி. அப்படிப்பட்ட செட்டில் ஷார்ட் ஆனால், அதாவது மின்சாரம் விளக்குக்குப் போகாமல் குறுக்குவழியில் பாடியில் இறங்கினால், ஃபியூஸ் போவதற்கு முன்பே வயரின் பி.வி.சி. உறை உருகும், அது ஓடுகிற இடம் பெட்ரோல் டேங்குக்கு அடியில். வெள்ளித்தாள் போட்ட வண்டியில் வயர்தான் ஃபியூஸ். ரிலே மேலே 40 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஃபியூஸையும் 40-க்கு ஏற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான்: அந்த எண் ரிலேயின் உள்ளே இருக்கும் காண்டாக்ட் தாங்குகிற அளவு, உங்கள் வயர் தாங்குகிற அளவு அல்ல.

சரி, எங்கே ஷார்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலானோர் நேராக விளக்கைக் கழற்றுகிறார்கள், அப்புறம் ரிலேயை மாற்றுகிறார்கள், கடைசியில் முழு வயரிங் செட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். பழைய எலெக்ட்ரீஷியன்கள் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"அண்ணே, ஃபியூஸ் நிக்கவே மாட்டேங்குது."

"எப்பத் தம்பி போகுது? சாவி போட்டதுமா, சுவிட்ச் போட்டதுமா, இல்ல ஓட்டும்போதா?"

இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ஃபியூஸ் போகிற நேரம் ஷார்ட் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏன் என்று புரிய, மின்சாரம் போகிற வழியை ஒரு தரம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயர் கிளம்பி ஃபியூஸுக்குள் போய், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற காலுக்கு வருகிறது. ரிலேயின் 87-ஆம் காலிலிருந்து இரண்டு விளக்குக்கும் பிரிந்து போகிறது. விளக்கின் மறுமுனை எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் பாடி. இதுதான் கனமான மின்சாரம் ஓடுகிற வழி. இதைத் தவிர, ரிலேயைத் தட்டி எழுப்ப ஒரு சின்ன வழி தனியாக இருக்கிறது: வண்டியின் சாவி வயரிலிருந்தோ பார்க்கிங் லைட் வயரிலிருந்தோ ஒரு கிளை எடுத்து, ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாக ரிலேயின் 86-க்குக் கொடுத்து, 85-ஐ எர்த்தில் போடுவார்கள். ரிலே காயில் (உள்ளே இருக்கிற காந்தச் சுருள்) இழுப்பது ஒரு ஆம்பியரில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்குதான், ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தச் சின்ன வழிக்கு மின்சாரம் தருவது வண்டியின் சொந்த ஃபியூஸ், நீங்கள் புதிதாகப் போட்ட ஃபியூஸ் அல்ல. இதை மறந்துவிடுவதால்தான் நிறையக் குழப்பம்.

இப்போது நேரத்துக்கு வருவோம். சாவியே போடவில்லை, சுவிட்சும் ஆஃப், ஆனாலும் ஃபியூஸைச் சொருகின கணமே பொறி பறந்து போகிறது என்றால், அது ஃபியூஸுக்கும் ரிலேயின் 30-க்கும் நடுவில் இருக்கிற வயர்தான். ஃபியூஸுக்கு அப்பால் எப்போதும் உயிரோடு இருக்கிற பகுதி அது ஒன்றுதான். நீளமும் குறைவு. சீட்டைத் தூக்கினால் கைக்குள் வந்துவிடும். பெரும்பாலும் சீட்டின் இரும்புத் தகடோ பேட்டரி கிளாம்ப்போ வயரை நசுக்கியிருக்கும்.

சாவி போட்டதும், அல்லது ஹேண்டில்பார் சுவிட்சை அமுக்கினதும், ஃபாக் லைட் ஃபியூஸ் நன்றாக இருக்க வண்டியின் ஃபியூஸ் போகிறது என்றால் கோளாறு அந்தச் சின்ன வழியில். இதில்தான் ஆட்கள் ரொம்பப் பயந்துபோகிறார்கள், ஏனென்றால் ஹாரன், இண்டிகேட்டர், மீட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிடும், எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி என்றால் எஞ்சினே நின்றுவிடலாம். சாவி போட்டதுமே போனால் சுவிட்சுக்கு முன்னால், சுவிட்சை அமுக்கினால்தான் போகிறது என்றால் சுவிட்சுக்குப் பின்னால். இரண்டாவதில் ஒரு தந்திரமான காரணம் உண்டு: சில ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே உள்ளே ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) இருக்கும். சாதாரண ரிலேயில் 85, 86-ஐ மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும், டையோடு வைத்த ரிலேயில் மாற்றிக் கொடுத்தால் அது நேரடி ஷார்ட். பழைய ரிலே போய்விட்டது என்று புது ரிலே வாங்கி அதே சாக்கெட்டில் சொருகியதும் ஃபியூஸ் போக ஆரம்பித்தால் ரிலேயின் பக்கவாட்டில் வரைந்திருக்கும் படத்தை ஒரு தரம் பாருங்கள்.

சுவிட்ச் போட்டதும் ரிலே 'டிக்' என்கிறது, உடனே ஃபாக் லைட் ஃபியூஸ் போகிறது. இதுதான் அதிகம் பார்க்கிற வகை. 87-க்கு அப்பால் எங்கேயோ. இரண்டு விளக்கின் கப்ளரையும் (வயர்களைச் சேர்க்கிற பிளக்) கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தால், இன்னும் போகிறது என்றால் வயர், போகவில்லை என்றால் விளக்கு. அப்புறம் ஒவ்வொரு விளக்காக மாட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

ஓட்டும்போது மட்டும் போகிறது என்றால் இன்னும் கவனித்துக் கேட்க வேண்டும். வளைவில் போகிறதா? அப்படியென்றால் ஹேண்டிலைத் திருப்பும்போது வயர் இழுபடுகிற கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) பக்கம். வேகத்தடையில், அல்லது முன் பிரேக் பிடித்து ஃபோர்க் அமுங்கும்போது போகிறதா? அப்படியென்றால் ஃபோர்க்கை ஒட்டி ஓடுகிற வயர், அல்லது லெக் கார்டு கிளாம்ப். பத்து நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு அப்புறம் போகிறதா? அது பெரும்பாலும் ஷார்ட்டே இல்லை. ஃபியூஸ் ஹோல்டரில் கால் தளர்வாகப் பிடித்திருந்தால் அந்த இடம் சூடாகிக் கடைசியில் ஃபியூஸ் உருகும். போன ஃபியூஸைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நடுக்கம்பி சிதறி உள்ளே கறுப்புப் புகை அடித்திருந்தால் நேரடி ஷார்ட். கம்பி அமைதியாக உருகி அறுந்திருந்தால் சுமை அதிகம். பிளாஸ்டிக்கே காலுக்குப் பக்கத்தில் வெந்து நிறம் மாறியிருந்தால் ஹோல்டர்.

இடத்தைச் சுருக்கியாயிற்று. அதற்குள் துல்லியமாக எங்கே என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. எந்த மெக்கானிக் கடையின் மூலையிலும் கிடக்கிற ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பு போதும். இரண்டு வயரைப் பற்றவைத்து, முனையில் தட்டை லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்துகிற உலோகத் துண்டு) வைத்து, அந்த பல்பை ஃபியூஸ் இருக்கிற இடத்தில் சொருகிவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் இந்த பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது, ஆகவே வயர் சூடாகாது, எதுவும் கருகாது. ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் இல்லை, விளக்கு ஆஃப் என்றால் பல்பு இருட்டு. விளக்கு ஆன் என்றால் பல்பு மங்கலாகவோ மினுக்கி மினுக்கியோ எரியும், எல்.இ.டி.யும் சரியாக எரியாது. அது இயல்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பல்பு முழுசாக எரிந்துகொண்டிருக்கும்போது கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரவேண்டும். கண்மாய்த் தண்ணீர் எந்த வாய்க்காலில் வீணாகிறது என்று மடையை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பது போலத்தான். எந்தக் கப்ளரைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறதோ அதற்கு அப்பால்தான் ஷார்ட். அப்புறம் அந்தத் துண்டு வயரைக் கையில் பிடித்து அங்குலம் அங்குலமாக ஆட்டி, மடக்கி, இழுத்துப் பார்த்தால், ஒரு இடத்தில் பல்பு வெட்டி எரியும். அங்கே டேப்பைப் பிரித்தால் செம்பு தெரியும். விட்டு விட்டு வருகிற ஷார்ட்டைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆளில்லாமல் செய்வதென்றால் பல்பு கண்ணில் படுகிற மாதிரி நீளமான வயர் வைத்துக்கொள்ளுங்கள். சீட் மேலோ டேங்க் மேலோ பல்பைப் படுக்கப் போடாதீர்கள், 21 வாட் பல்பு ரெக்சினைப் பொசுக்கிவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் பல்பு எதற்கு என்று கேட்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஃபியூஸின் விளக்குப் பக்கக் காலுக்கும் பாடிக்கும் நடுவில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் நேரடி ஷார்ட் தெரியும்தான், ஆனால் ரிலே ஆஃபில் இருக்கும்போது மீட்டர் 30-உடன் நின்றுவிடும், 87-க்கு அப்பால் பார்க்காது என்பதை மறக்காதீர்கள். ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டின் 87 துளையிலிருந்து தனியாகப் பார்க்க வேண்டும். ஏமாற்றுகிற இடம் இன்னொன்று, ஹாலஜன் பல்பு வைத்தவர்களுக்கு. 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் எரியும்போது அதன் தடை சுமார் 2.6 ஓம், ஆனால் குளிர்ந்திருக்கும்போது அதில் சிறு பங்குதான், ஒரு ஓம்கூட வராது. மீட்டர் பீப் அடிக்கும், ஷார்ட் என்று நினைத்து நல்ல வயரை எல்லாம் பிரித்துப் போடுவோம். மீட்டர் வைக்கிற முன் பல்பைக் கழற்றிவிடுவது முதல் வேலை. எல்.இ.டி.யில் இந்தத் தொல்லை இல்லை, உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவர் போர்டு இருப்பதால் நல்ல விளக்கு பீப் அடிக்காது. அடித்தால் அந்த போர்டு போய்விட்டது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஹெட்லைட் மேலிருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்தே ஷார்ட்டைச் சொல்லிவிடலாம் என்பார்கள். வண்டியின் சொந்த வயரிங்குக்கு அது சரி. ஃபாக் லைட்டைப் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுத்திருந்தால் அந்த மின்சாரம் அம்மீட்டர் வழியாகப் போவதே இல்லை, முள் அசையாமல் நிற்கும்.

எங்கே உரசுகிறது என்பதில் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கென்று சில பழக்கமான இடங்கள் இருக்கின்றன. லெக் கார்டு கிளாம்ப்தான் முதல் இடம்: தகட்டை வெட்டின ஓரம் கூராக இருக்கும், வயர் அதன் மேல் மடங்கிப் போகும், வண்டி அதிர்வதில் மெல்ல மெல்ல அறுக்கும். அடுத்தது கோன் செட். அங்கே வயரைக் கட்டும்போது ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு கட்டினால் முழுசாகத் திருப்பும்போது வயர் விறைத்துவிடும், ஆகவே இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டை போட வேண்டும். எஞ்சின் முன்னால் இறங்குகிற பெண்ட் பைப் (சைலன்சருக்குப் போகிற சூடான குழாய்) மூன்றாவது. வயர் அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே உறை காய்ந்து வெடிக்கும். இங்கே சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்கைத் தொட முடியாது, மலிவு டேப்பின் பசை இளகி வயர் தானாகவே நழுவிப் பைப் மேல் சாய்கிறது.

நாலாவது, எலியும் அணிலும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கோ மட்டும் திறக்கிற பெரிய வீடுகள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்த வீட்டு முகப்பில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பைக்கை எடுத்து ஓட்டுவதற்கு முன் சீட்டையும் டேங்கையும் தூக்கிப் பார்ப்பது நல்லது. கடித்த இடம் ஒன்று கண்ணில் பட்டால் இன்னும் இரண்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

மழைக்கு வருகிறேன். ஐப்பசி கார்த்திகையில் "மழைத் தண்ணி பட்டு ஷார்ட் ஆயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். 12 வோல்ட்டில் மழைத்தண்ணீர் மட்டும் கப்ளருக்குள் போனால் கசிகிற மின்சாரம் மிகக் குறைவு, அது ஃபியூஸைப் போக்காது. தண்ணீர் செய்கிற வேலை மெதுவானது. செம்மண் புழுதியும் ஈரமும் சேர்ந்து கப்ளருக்குள் உட்கார்ந்தால், மின்சாரம் ஓடும்போதெல்லாம் பாசிட்டிவ் பின் கரைய ஆரம்பிக்கிறது. பச்சையாகப் பொங்கியிருப்பது அதுதான். நெகட்டிவ் பின் பளிச்சென்று இருக்க பாசிட்டிவ் பின் மட்டும் இளைத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலோகம் அரிப்பது, பேட்டரி உழைப்பது பற்றியெல்லாம் ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்கிறோமே அது. அந்த வாசலைத் தாண்டிப் போகிற பைக்குகளின் கப்ளருக்குள்ளும் அந்தப் பாடமே சின்ன அளவில் நடந்துகொண்டிருக்கிறது. மழையில் உடனே ஃபியூஸ் போகிறது என்றால் தண்ணீர் புகுந்தது பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருக்கிற டிரைவர் போர்டுக்குள். கண்ணாடிக்குள் பனி படிந்த மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதைப் பிரித்துக் காய வைத்து ஓட்டுவது கொஞ்ச நாளைக்குத்தான்.

ஷார்ட் என்று வருகிறவற்றில் ஷார்ட் இல்லாதவையும் உண்டு. ரிலே 'டர்ர்ர்' என்று அடித்துக்கொண்டு விளக்கு துடித்தால், ரிலேக்கான வயரை ஹெட்லைட்டிலிருந்து எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் (திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம்) எரியும், அது ரிலேக்கு ஆகாது. காலையில் பேட்டரி செத்துக் கிடந்தால், ஷார்ட் என்று முடிவு கட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்: சின்ன வண்டியின் பேட்டரி 3 முதல் 5 ஆம்பியர்-மணி (ஏ.எச்.), எஞ்சினை நிறுத்திவிட்டு 40 வாட்டை ஒரு மணி நேரம் எரியவிட்டால் மூணுக்கு மேல் போய்விடும். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் ஹெட்லைட்டும் எப்போதும் எரிவதால் சார்ஜிங் பக்கம் மிச்சம் இருப்பதும் குறைவு. இன்னொன்று, ஷார்ட்டை எல்லாம் சரி செய்த பிறகு விளக்கு அணையவே மாட்டேன் என்றால், அந்த ஷார்ட்டின் வேகத்தில் ரிலே காண்டாக்ட் ஒட்டிப் பிடித்துவிட்டது. ரிலேயை மாற்ற வேண்டியதுதான்.

சரி செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்ட இடத்தில் மேலே டேப்பைச் சுற்றி விட்டுவிடாதீர்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் வைத்து, பற்றவைத்தோ நல்ல லக் போட்டு நசுக்கியோ இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற உறை) போடுங்கள். கிளாம்ப் ஓரத்தை அரம் வைத்து மழுக்கி, அங்கே ஒரு ரப்பர் வளையம். எர்த்தை லெக் கார்டு போல்ட்டில் கொடுக்காமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள், பெயிண்ட் மேல் பிடித்த எர்த் நாளைக்கு வேறு ஒரு புதிர் போடும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்கட்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் யாரும் இல்லை. சுவிட்சுக்கு எடுக்கிற கிளை வயருக்கும் தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டுவிட்டால், அடுத்த தடவை சுவிட்ச் வயர் உரசினாலும் வண்டி நடுரோட்டில் நிற்காது, ஃபாக் லைட் மட்டும் அணையும். இதைச் செய்கிற கடைகள் குறைவு, கேட்டு வாங்குங்கள்.

விளக்கை மறுபடி மாட்டும்போது கோணத்தையும் பார்த்துவிடுங்கள், எதிரே நடந்து வருகிறவர் கண்ணில் அடிக்காமல் ரோட்டில் விழ வேண்டும். வண்டியை மாற்றி அமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது, கண் கூசுகிற விளக்குக்கு அபராதம் கேட்டால் வாதாட முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஃபியூஸை உடனே போடாமல், அந்த 21 வாட் பல்பை வைத்தே ஒரு சோதனை. முதலில் சுவிட்ச் ஆஃப்: ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்ட முட்டத் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலு தரம் அமுக்கி, சீட்டில் ஒரு ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். அப்புறம் விளக்கின் கப்ளர் இரண்டையும் கழற்றிவிட்டு, சுவிட்ச் ஆனில் வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள், அப்போதுதான் 87-க்கு அப்பால் உள்ள வயரும் சோதனைக்குள் வரும். இரண்டு தடவையும் பல்பு ஒரு நொடிகூட மினுங்கவில்லை என்றால் 5 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிட்டு, கப்ளரை மாட்டிக் கிளம்பலாம். பல்பைச் சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பையிலேயே போட்டு வையுங்கள், கூட இரண்டு ஃபியூஸும்.